காஞ்சியின் கல்லேடுகளும் காமிராவும்

காஞ்சி மாநகரம் பட்டினால் அறியப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே கல்வியினால் அறியப்பட்டிருந்தது. மயூரசர்மன் என்ற அந்தண இளைஞன், தன் குருவாகிய வீரசர்மனோடு வேதக் கல்வியைப் பூர்த்தி செய்துகொள்ளும் பொருட்டுப் பல்லவர் தலைநகரமாகிய காஞ்சியின் கடிகை என்ற கல்விச்சாலையை நாடி வந்ததையும், அங்கே பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு நேர்ந்த கலகத்தினால் மனம் புண்பட்டு, ஓதுவதை விட்டு வாளை ஏந்தி, முடிவில் கதம்ப ராஜ்யத்தையே ஸ்தாபித்ததையும் கர்நாடகத்துத் தாளகுண்டாக் கல்வெட்டு விரித்துரைக்கிறது. ஏழாம் நூற்றாண்டிலே இந்நகரத்தைப் பற்றி எழுதிய சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கும் இங்குள்ளோரின் கல்விப் பற்றைப் பாராட்டினார். இத்தனை கீர்த்தி வாய்ந்த அந்தக் கடிகையின் கட்டடத்தில் ஒரு செங்கல்லேனும், அங்கே ஓதப்பட்ட சுவடிகளில் ஓர் ஓலையேனும் நமக்கு எஞ்சவில்லை. கரையானுக்கும் மழைக்கும் படையெடுப்புக்கும் தப்பி நிற்பவை கோயிற் சுவர்களே.

ராஜசிம்மன் எனப் பெயர் பெற்ற இரண்டாம் நரசிம்மவர்மன் கடிகையை மறுபடியும் நிலைநிறுத்தியதையும், கயிலைக்கு நிகரான கற்றளியொன்றைச் சிவபெருமானுக்கு எடுத்ததையும் வேலூர்ப்பாளையச் செப்பேடு ஒருங்கே கூறுகிறது. அரசனுடைய மனத்தில் கல்விச்சாலையும் கோயிலும் அருகருகே இருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அந்தக் கற்றளியாகிய கைலாசநாதர் கோயிலுக்குள் நுழைந்து, திருச்சுற்றை ஒட்டி வரிசையாக அமைந்த 58 சிற்றாலயங்களின் முன்னே நடந்து செல்பவர், ராஜசிம்மனுடைய இருநூறுக்கு மேற்பட்ட விருதுப் பெயர்கள் பல்லவ கிரந்தத்திலும் நாகரியிலும், சில இடங்களில் அன்னமும் கொடியுமாக வளைந்தோடும் அலங்கார எழுத்திலும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்பார். அதே கோயிலின் மண்டபத் தூண் ஒன்றில், காஞ்சியை வென்று உட்புகுந்த சாளுக்கிய விக்ரமாதித்தன், கோயிலின் செல்வத்தைக் கண்டு வியந்து அதைக் கவராமல் தேவனுக்கே திருப்பியளித்தான் என்ற செய்தி கன்னடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. வென்றவன் எழுதிய எழுத்தைத் தோற்றவர்கள் அழிக்காமல் விட்டார்கள். அந்தப் பெருந்தன்மையை நினைக்கும்போதெல்லாம் இந்த ஊரின்மீது எனக்குள்ள மதிப்பு பெருகுகிறது.

ஆகவே காஞ்சியின் பழைய புத்தகசாலையைத் தேடுகிறவர் இந்தச் சுவர்களிடம்தான் வந்தாக வேண்டும். ஆனால் சுவரிலே எழுத்து இருப்பது மட்டும் போதாது. அது படிக்கப்பட வேண்டும், படியெடுக்கப்பட வேண்டும், காஞ்சிக்கு வர இயலாதவனுடைய கையிலும் போய்ச் சேர வேண்டும். அந்தக் காரியத்தைச் செய்தவை இரண்டு: ஈரக் காகிதமும், காமிராவும்.

கல்வெட்டைக் காமிராவினால் படிக்கலாம் என்ற யோசனையைத் தமிழகத்தில் மிகத் துணிவாகச் செயற்படுத்தியவர் லின்னேயஸ் ட்ரைப் என்ற சென்னைப் படை அதிகாரி. சென்னையில் புகைப்படச் சங்கம் தோன்றிய 1856ஆம் ஆண்டை ஒட்டி மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற அவர், 1857ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டு, மெழுகு தோய்த்த காகித நெகடிவ்களும் பெரிய காமிராவும் மாட்டு வண்டிகளில் பின்தொடர, ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சை, மதுரை, புதுக்கோட்டை முதலிய இடங்களைச் சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த வேலை அபூர்வமானது. விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை அடுத்தடுத்து 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே சுருளாக அமைத்தார். கோபுரத்தின் கம்பீரத்தையும் மண்டபத்தின் நிழலையும் விரும்பிய காலத்தில், எழுத்தை எழுத்தாகவே பிடித்துக் காகிதத்தில் தந்த முயற்சி அது. 1859இல் கவர்னராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன் இவ்வேலை அரசாங்கத்துக்கு ஆகாத செலவு என்று கருதியதால் அது விரைவில் நின்றுபோயிற்று. ட்ரைப் இன்னும் சில ஆண்டுகள் பணியில் நீடித்திருந்து காஞ்சிக்கும் அதே முறையில் ஒரு சுருள் செய்திருந்தால், மணற்கல்லின் மேற்பரப்பு பின்னர் இழந்தவற்றில் எவ்வளவோ நமக்கு மிஞ்சியிருக்கும் என்ற ஏக்கத்தை என்னால் அடக்க முடியவில்லை.

காஞ்சிக்கு முதலில் முறையாக வந்தது ஈரக் காகிதமே. ஜெர்மானிய சமஸ்கிருத பண்டிதரான ஹுல்ஷ் 1886இல் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டாய்வாளராக அமர்ந்தார். கல்லைத் துடைத்துச் சுத்தம் செய்து, நனைத்த காகிதத்தை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளங்களுக்குள் காகிதம் புகுமாறு தூரிகையால் மெல்ல அடித்து, காய்வதற்கு முன்பே மை தோய்ந்த பொதியால் ஒற்றியெடுப்பது மைப்படி எடுக்கும் முறை. எழுத்து வெண்மையாகவும் சுற்றியுள்ள இடம் கருமையாகவும் காகிதத்தில் விழும். இவ்விதம் எடுத்த படிகளைக் கொண்டு 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் கைலாசநாதர் கோயிலின் விருதுப் பெயர்கள் அச்சேறின. சிற்றாலயங்களின் இருட்டிலே கிடந்த பெயர்களை உலகத்தின் எந்த மூலையிலுள்ள பண்டிதரும் தம் மேஜையின்மேல் விரித்துப் படிக்க முடிந்தது அன்றிலிருந்துதான்.

அடுத்து வந்தவர் அலெக்ஸாண்டர் ரீ. ஆதிச்சநல்லூரில் தாழிகளைத் தோண்டியெடுத்தவர் என்று தமிழர்கள் நினைவில் வைத்திருக்கும் அதே தொல்லியல் அதிகாரிதான், காஞ்சியின் பல்லவக் கோயில்களை ஒவ்வொன்றாக அளந்து, வரைந்து, புகைப்படமெடுத்து, 1909இல் 'பல்லவக் கட்டடக் கலை' என்ற பெரிய ஆங்கிலத் தொகுதியை வெளியிட்டார். கோயிலின் பாரத்தைத் தாங்கும் அடிவரிசை கருங்கல். மேலேயுள்ள சிற்பங்களோ மணற்கல். மணற்கல் காற்றுக்கும் உப்புக்கும் மெல்ல மெல்ல உதிர்வது. அதைக் காப்பதாக நினைத்துப் பிற்காலத்தார் பூசிய சுண்ணச் சாந்து பல இடங்களில் உருவத்தையே மாற்றிவிட்டது. சிற்பத்தின் மூக்கும் விரலும் எந்த நிலையில் இருந்தன என்பதற்கு அந்தத் தொகுதியின் படங்கள் இன்று சாட்சியாக நிற்கின்றன. கைலாசநாதர் கோயில் சிற்றாலயங்களில் சுண்ணப்பூச்சின் அடியிலே வண்ண ஓவியங்கள் மறைந்திருப்பதைப் புதுச்சேரிப் பேராசிரியர் ஜூவோ துப்ரேய் 1931இல் கண்டறிந்தது, சாந்தின் பின்னே எவ்வளவு ஒளிந்திருந்தது என்பதைக் காட்டியது.

இனி, இந்தப் புத்தகங்கள் போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்ல வேண்டும். காஞ்சியின் பழைய முகத்தைக் காண விரும்பும் காஞ்சிவாசி ஏறக்குறைய 75 கிலோமீட்டர் பிரயாணம் செய்து எழும்பூருக்கு வர வேண்டியிருக்கிறது. அங்கே பாந்தியன் சாலையில், அருங்காட்சியக வளாகத்துக்குள்ளே, கன்னிமாரா பொது நூலகம் நிற்கிறது. 1860ஐ ஒட்டி அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் காப்டன் ஜெஸ்ஸி மிட்செல், இங்கிலாந்தின் ஹெய்லிபரிக் கல்லூரியில் மிகுந்துபோய்ச் சென்னைக்கு அனுப்பப்பட்ட புத்தகங்களைக் கொண்டு ஆரம்பித்த சிறு வாசகசாலையே அதன் மூலம். 1890 மார்ச் 22ஆம் தேதி கன்னிமாரா பிரபு புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஹென்றி இர்வின் வரைந்த திட்டப்படி, நம்பெருமாள் செட்டியாரின் மேற்பார்வையில் எழுந்த அக்கட்டடம் 1896 டிசம்பர் 5ஆம் தேதி திறக்கப்பட்டது. 1948இல் சென்னை மாகாணம் இந்தியாவுக்கே முன்மாதிரியாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியதன் பயனாக, 1950 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அது மாநில மைய நூலகமாயிற்று. 1955 முதல் இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் வந்து சேரும் களஞ்சியங்களில் ஒன்றும் ஆயிற்று.

அந்தப் பழைய மண்டபத்தைப் புகைப்படமெடுப்பது எளிதன்று. நீண்ட கூடம், இருமருங்கும் உயர்ந்து செல்லும் தேக்கு மர அலமாரிகள், வளைந்த விதானத்தில் இலையும் கொடியுமாகச் சுதை வேலைப்பாடு, உச்சியில் வண்ணக் கண்ணாடிகள். வெளிச்சம் முழுவதும் மேலிருந்தே இறங்குகிறது. கண்ணாடியின் சிவப்பும் நீலமும் படத்தில் விழ வேண்டுமானால் அலமாரிகள் இருட்டில் மூழ்கிவிடும்; அலமாரியிலுள்ள தடித்த புத்தகங்களின் முதுகெழுத்து தெரிய வேண்டுமானால் கண்ணாடி வெறும் வெள்ளைத் திட்டாகப் போய்விடும். கண்ணாடி பிளேட்டுகளில் படமெடுத்த நாட்களில் முக்காலியை அசையாமல் நிறுத்தி, மேகம் மறைக்கும் நேரம் பார்த்து, நெடுநேரம் லென்ஸைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மண்டபத்திலே நடந்து போகிறவர்கள் படத்தில் புகையாகவும் ஆவதில்லை, அடியோடு காணாமற் போகிறார்கள். நூலகங்களின் பழைய படங்களில் வாசகரே இல்லாமல் புத்தகங்கள் மட்டும் வீற்றிருப்பதற்கு இது ஒரு காரணம். வாசிக்கிறவன் இல்லாத வாசகசாலையைப் பார்க்கும்போது மனத்துக்குக் குறையாகத்தான் இருக்கிறது. காஞ்சி நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்து, பச்சையப்பன் கல்லூரியில் படிக்கச் சென்னைக்கு வந்து, கன்னிமாராவின் ஓயாத வாசகராகப் பெயரெடுத்த சி. என். அண்ணாதுரை, பிற்காலத்தில் வானொலியில் 'வீட்டிற்கோர் புத்தகசாலை' வேண்டும் என்று பேசினார். தறியொலி கேட்டு வளர்ந்த ஊரையும் வண்ணக் கண்ணாடியின் கீழ்ப் படித்த மண்டபத்தையும் ஒன்றாக அறிந்தவருடைய பேச்சு அது என்பதை நினைத்துப் படித்தால் அதன் ஆர்வம் இன்னும் விளங்கும்.

படத்தையும் எழுத்தையும் சேர்த்துப் படிக்கும் கலையில் காஞ்சிக்கு வாய்த்த மிகச் சிறந்த வாசகி கடம்பி மீனாட்சி. 1905இல் பிறந்த அவர், பெண்கள் கல்லூரிக்குப் போவதே அரிதாயிருந்த காலத்தில் பல்லவர் வரலாற்றை ஆராய்ந்து, 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டத்தைப் பெற்றார். அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே. காஞ்சியின் வைகுண்டப் பெருமாள் கோயிலில், சிங்கத் தூண்கள் தாங்கும் திருச்சுற்று மண்டபத்தின் உட்சுவர் நெடுகிலும் இரண்டு வரிசையாகச் சிற்பத் தொகுதிகள் உண்டு. அரசர்கள் முடி சூடுகிறார்கள், யானைகள் போரிடுகின்றன, தூதர்கள் வணங்கி நிற்கிறார்கள். சில இடங்களில் மட்டும் சிற்பத்தையொட்டிச் சிறு குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பாலோர் கண்ணுக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத அரசவைக் காட்சிகளாகத் தோன்றிய இவற்றை, பிரமனிலிருந்து தொடங்கி அசுவத்தாமன் வழியாகப் பல்லவன் வரை இறங்கி, அரசர் அரசராய்த் தொடர்ந்து, கோயிலை எடுத்த நந்திவர்ம பல்லவமல்லன் வரையில் வரும் ஒரே வம்ச சரித்திரமாக மீனாட்சி வரிசைப்படி படித்துக் காட்டினார்.

அச்சரித்திரத்தின் உச்சம் நந்திவர்மன் அரசனாகத் தேர்ந்தெடுக்கப்படும் கட்டம். இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி மறைந்தபோது, நகரத்தாரும் மந்திரிகளும் கடிகையைச் சேர்ந்தவர்களும் ஹிரண்யவர்மனிடம் சென்று ஓர் அரசனைத் தர வேண்டினார்கள் என்றும், அவனுடைய நான்கு புதல்வர்களில் மூவர் மறுக்க, பன்னிரண்டே வயதான பல்லவமல்லன் மட்டும் நான் போகிறேன் என்று முன்வந்தான் என்றும் அங்குள்ள குறிப்புகள் கூறுகின்றன. தாளகுண்டாவில் நாம் கண்ட கடிகை இங்கே மறுபடியும் வருகிறது; ஓதுவோர் கூட்டமாக மட்டுமின்றி, அரசனை அழைத்து வரும் உரிமை பெற்ற சபையாகவும் அது நிற்கிறது. கட்டடம் அழிந்தும் அதன் கௌரவம் சுவரிலே நிலைத்திருக்கிறது. இந்த ஆராய்ச்சி, ஒவ்வொரு தொகுதியின் படத்தோடும், இந்தியத் தொல்லியல் துறையின் 63ஆம் ஆய்வுரையாக 1941இல் அச்சாகி வந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்க்க மீனாட்சிக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1940இலேயே, முப்பத்தைந்து வயது நிரம்பும் தருவாயில், அவர் காலமாகிவிட்டார். அந்தப் புத்தகத்தைக் கையில் விரித்தபடி அதே மண்டபத்தில் மெதுவாக நடந்து, அச்சிலுள்ள படத்தையும் சுவரிலுள்ள சிற்பத்தையும் மாறிமாறிப் பார்ப்பது, காஞ்சிக்கு வருகிற எவருக்கும் நான் முதலில் சொல்லும் யோசனை.

வேகவதி ஆற்றுக்கு அப்பால் திருப்பருத்திக்குன்றத்திலுள்ள சமணக் கோயிலும், அதன் விதானத்தில் தீட்டிய தீர்த்தங்கரர் சரித்திர ஓவியங்களும் டி. என். ராமச்சந்திரனுடைய நூலில் 1934இல் இடம் பெற்றன. சென்னை அருங்காட்சியகத்தின் வெளியீடு அது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னாட்டுக் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்த தொகுப்பு ஒரு லட்சத்தைத் தாண்டியது. இவை யாவும் போற்றத்தக்க உழைப்பு.

ஆயினும் இந்தப் படங்களையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. கிருஷ்ணதேவராயர் 1509இல் எழுப்பிய ஏகாம்பரநாதர் ராஜகோபுரம் இருக்கிறது, வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபம் இருக்கிறது. அவற்றைச் சுற்றியிருக்கும் ஊர் இல்லை. மனிதன் வந்தால், தூணின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாகவே ஓரத்தில் வந்து நிற்கிறான். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் அதே நாட்களில் ஆயிரக்கணக்கான கைகள் நெய்துகொண்டிருந்தன. அந்தக் கைகளைக் காமிரா தேடிச் செல்லவில்லை.

இதற்குப் படமெடுத்தவர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. வெயிலில் நிற்கும் கல், மெதுவாக வேலை செய்யும் பிளேட்டுக்கு உகந்த பொருள். அது அசையாது, ஒளியைத் தாராளமாகத் திருப்பியும் தரும். நெசவாளி வீட்டுக் குழித்தறியோ சுவரோரமாக, ஒற்றைச் சிறு ஜன்னலின் வெளிச்சத்தில் கிடப்பது. அங்கே நாடா ஒரு கணமும் நிற்பதில்லை. உலர் பிளேட்டுகள் 1880களில் பரவிய பின்னரும், அத்தகைய இருட்டில் அத்தகைய வேகத்தைப் பிடிப்பது சிரமமாகவே இருந்தது. அதற்கும் மேலாக, அரசாங்கத்தின் பணம் பழைமைக்காகக் கொடுக்கப்பட்டது. உயிரோடு நடந்துகொண்டிருந்த தொழில் பழைமையாகக் கருதப்படவில்லை. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டு, இழை ஒட்டாமல் இருபுறமும் ஆட்கள் நின்று சரிசெய்யும் காட்சி முழு வெளிச்சத்தில், தெருவிலேயே நடந்தது. அதுகூட அந்தப் பெருந்தொகுதிகளில் இடம் பெறவில்லை.

காஞ்சித் தறியில் உள்ள கல்வி சாமானியமானதன்று. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாக, இரண்டும் கோர்வையில் பிரிக்க முடியாமல் இணையும்படி மூன்று நாடாக்களை ஓட்ட வேண்டும். ஒரு பக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ளுவதற்கு உதவியாள் அருகில் உட்கார வேண்டும். முந்தானையின் நிறம் தொடங்குமிடத்தில் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் இழையைப் பிணைக்கும் பிட்னி வேலைக்குப் பொறுமையே மூலதனம். கோபுரக் கரை, ருத்திராட்சம், மயில்கண், யாளி, அன்னபட்சி என்று கோயிற் சுவரிலிருந்து இறங்கி வந்த உருவங்களை, ஜக்கார்டும் அதன் துளையிட்ட அட்டைகளும் வருமுன்னர், அடை கட்டுகிறவர் நூல் முடிச்சுகளாகவே தறியின்மேல் நினைவில் நிறுத்தி வைத்தார். அடை அவிழ்க்கப்பட்டால் அந்த வடிவமும் போயிற்று. 2005இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு உண்டாயிற்று. பெயருக்குரிய வடிவங்களின் வரலாறு இன்னும் தொகுக்கப்படாமல் வீடுகளிலே சிதறிக் கிடக்கிறது.

ஊர் தன்னைத்தானே படமெடுத்துக்கொண்ட தருணங்களும் உண்டு. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்து நீரடியிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை எழுந்தருளும் அத்திவரதர் 1979இலும் 2019இலும் தரிசனம் தந்தார். 2019 ஜூலை முதல் தேதியில் தொடங்கிய 48 நாட்களில் வந்த பக்தர் கூட்டமோ கைபேசிப் படங்களோ கணக்கில் அடங்குபவை அல்ல. ஆனால் முந்தைய தரிசனத்தைப் பார்க்காத தலைமுறைக்கு 1979இன் கறுப்பு வெள்ளைப் படங்களே வழிகாட்டின. பெரியவர்களின் பேச்சோடு அந்தச் சில படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் இளையவர்கள் வரிசையில் நின்றார்கள்.

அதே போன்ற படங்கள் காஞ்சியின் வீடுகளில் வேறு வகையாக இருக்கின்றன: கல்யாணப் படங்கள். ஸ்டூடியோவில் திரைச்சீலைக்கு முன்னேயோ மணப்பந்தலிலேயோ மணமகள் நிற்கும்போது, அவள் அணிந்த கூறைப்புடவையின் கரையும் முந்தானையும் காமிராவுக்கு நேரே விரிந்து கிடக்கின்றன. புடவை கிழிந்திருக்கலாம், ஜரிகைக்காக உருக்கப்பட்டும் இருக்கலாம். படத்திலே கோபுரக் கரையின் உயரமும், மயில்கண்ணின் இடைவெளியும் அப்படியே இருக்கின்றன. தொல்லியல் அதிகாரிகள் எடுக்காமல் விட்ட நகரத்தை, பெயர் தெரியாத ஸ்டூடியோக்காரர்கள் தமக்குத் தெரியாமலே எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காஞ்சிபுரத்து மாவட்ட நூலகம் ஒரு மேஜையையும், படியெடுக்கும் கருவி ஒன்றையும், பட்டறிவு மிக்க முதிய நெசவாளர் ஒருவரையும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கினால் போதும். வீட்டார் படத்தைக் கொண்டு வரலாம், படியெடுத்ததும் மூலத்தை அங்கேயே திரும்பப் பெற்றுச் செல்லலாம். படியின் பின்புறத்தில் எழுத வேண்டியவை சிலவே: கல்யாணம் நடந்த ஆண்டு, புடவை நெய்த தெரு, நெய்தவர் பெயர் நினைவிலிருந்தால் அப்பெயர், உடலின் நிறம், கரையின் நிறம், கரையின் வடிவத்துக்கு அந்த வீட்டில் வழங்கும் பெயர். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள், ஆதலால் நிறத்தை முதலில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.